ஒரு மில்லிமீட்டர் வளையம்

ஜூன் 3, திங்கள்

புனிதாவின் வலது காதுத் தோடு மிகத் தெளிவாக வந்திருக்கிறது. கற்களை எண்ணிவிடலாம். நான் குறிவைத்தது அவள் கண்ணை.

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். ஒசாகாவில் இருக்கும் மாப்பிள்ளை போன மாதம் வந்தபோது ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா கொண்டுவந்து தந்தார். உடம்பு மட்டும்தான், லென்ஸ் கிடையாது. "லென்ஸ் உங்க இஷ்டத்துக்கு வாங்கிக்குங்க மாமா" என்றார். என் இஷ்டம், அறுபதுகளில் சோவியத் நாட்டில் செய்த ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். கொச்சியில் கப்பல் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து தபாலில் வந்தது. அது மரையில் திருகி மாட்டுகிற லென்ஸ். கேமராவோ செருகித் திருப்பிப் பூட்டுகிற வகை. இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு வளையம் வேண்டும். அடாப்டர் என்பார்கள். அதன் தடிமன் சரியாக ஒரு மில்லிமீட்டர்.

இந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதில் ஒரே முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றாகிவிட்டால் ஃபோகஸ் சரி என்று நம்ப வேண்டும். நம்பி எடுத்தேன். ஃபிலிமைக் குளியலறையில் கழுவிக் காயவைத்துப் பார்த்தால் கண் மங்கல், தோடு தெளிவு.

இணையத்தில் வாங்கிய அடாப்டரை மைக்ரோமீட்டரில் அளந்தேன். 0.97. ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று நூறில் குறைவு. குற்றவாளி அகப்பட்டாயிற்று.

புனிதா படத்தைப் பார்த்துவிட்டு, "தோடு நல்லாத்தானுங்க வந்திருக்குது, அப்புறம் என்ன?" என்றாள். முப்பத்தொரு வருடம் பம்ப் கம்பெனியில் தரச் சோதனை செய்தவனின் மனைவி பேசுகிற பேச்சா இது!

ஜூன் 5

வளையத்தைத் தனியாகச் செய்துகொள்வது என்று முடிவு. கோயமுத்தூரில் லேத்துக்குப் பஞ்சமில்லை. சிங்காநல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நாலு பட்டறை இருக்கின்றன. நான் கணபதியில் கோகிலவாணி என்பவர் நடத்தும் பட்டறையைத் தேர்ந்தேன். நுணுக்கமான வேலைக்குப் பேர்போன இடம்.

"யாருங்க சொன்னா?" என்றாள் புனிதா.

"பொதுவாச் சொல்லிக்கறாங்க."

"ரெண்டு பஸ் மாறிப் போகோணுமேங்க."

நல்ல வேலைக்கு இரண்டு பஸ் மாறலாம்.

ஜூன் 7

தகரக் கூரை, ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின். இன்னும் இரண்டு லேத் நின்றதற்கான அடையாளமாகத் தரையில் சிமெண்டு மேடைகள் மட்டும். கோகிலவாணிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான் போட்டது. மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்குகிறது.

வரைபடத்தைக் கொடுத்தேன். உற்றுப் பார்த்தார்.

"எதுக்குங்க சார் இது?"

"கேமராவுக்கு. பழைய லென்ஸ் ஒண்ணை மாட்டறதுக்கு."

"ஒரு மில்லிங்களா. எத்தனை வித்தியாசம் விடலாம்?"

"வித்தியாசமே கூடாதுங்க."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "வித்தியாசமே இல்லாத சாமானை இதுவரைக்கும் யாரும் பண்ணுனதில்லீங்க சார். நூறுல ஒண்ணு விடுங்க."

நூறில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன். பெயர் கேட்டார். சென்னியப்பன் என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதிய பிறகு பேனாவை மூடக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. மூடி இறுக்கமாக இருந்திருக்கும்.

"வேலைக்குப் போறீங்களா சார்?"

"ரிட்டயர் ஆயாச்சு."

எதிலிருந்து என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லி வேலை நேரத்தில் ஒருவரை நிறுத்திவைப்பது எனக்குப் பிடிக்காது.

ஜூன் 12

பித்தளையில் வளையம் தயார். பார்க்க லட்சணமாக இருந்தது. என் மைக்ரோமீட்டரை எடுத்து அங்கேயே அளந்தேன். 1.012. அனுமதித்த எல்லை 1.010. இரண்டு மைக்ரான் கூடுதல்.

"எடுக்க முடியாதுங்க" என்றேன்.

"ரெண்டு மைக்ரானுக்குங்களா? நீங்க கையில பிடிச்சிருக்கற சூடே அவ்வளவு இருக்குமேங்க."

"எல்லைன்னா எல்லைதானுங்க."

வளையத்தை வாங்கிப் பட்டறை ஜன்னல் விளிம்பில் வைத்தார். வேறு செய்து தருவதாகச் சொன்னார். முகம் கோணவில்லை. இந்த ஒழுங்கு இந்தக் காலத்தில் அபூர்வம்.

ஜூன் 13

மழை. சாக்கடை அடைப்பு எடுக்க ஆள் வரவில்லை. நானே எடுத்தேன்.

ஜூன் 18

இரண்டாவது வளையம் 1.003. ஏற்றுக்கொண்டு வந்தேன். புனிதாவைக் கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும்போது ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தேன். பத்துப் படம். பத்திலும் தோடு தெளிவு, கண் மங்கல். "எங்கப்பா போட்ட தோடுங்க, எப்படி எடுத்தாலும் அதுதான் வரும்" என்கிறாள். இவளோடு ஒளியியல் பேசுவதில் பயனில்லை.

ஜூன் 21

வளையத்தைச் சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்தேன். ஓர் ஓரம் 1.003, எதிர் ஓரம் 0.998. சாய்வு இருக்கிறது. இரண்டு ஓரமும் எல்லைக்குள்தான். ஆனால் சாய்வு சாய்வுதான். கணபதிக்குப் போய்த் திருப்பிக் கொடுத்தேன்.

கோகிலவாணி டீ வரவழைத்தார். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

"மகுடேஸ்வரனுங்களா? ஸ்கூல் வேன் ஓட்டறாருங்க. முன்னால இந்தப் பட்டறை அவருதுதான்."

"ஏன் விட்டுட்டாரு?"

"விட்டுட்டாருங்க."

டீயில் இஞ்சி தூக்கல்.

ஜூன் 27

மூன்றாவது வளையம். தடிமன் சரி, சாய்வு இல்லை. ஆனால் லென்ஸை முழுதும் திருகினால் அதன் மேலிருக்கும் சிவப்புப் புள்ளி நேர் மேலே வராமல் சற்று இடப்பக்கம் நிற்கிறது. படத்துக்கு இதனால் பாதிப்பில்லை. இருந்தாலும் மரை தொடங்கும் இடம் தவறு என்பது தவறுதான். திருப்பிக் கொடுத்தேன். ஜன்னல் விளிம்பில் இப்போது மூன்று வளையங்கள்.

மத்தியானச் சாப்பாட்டின்போது புனிதா சொன்னாள்: "நீங்க அந்தம்மாளைப் பாக்கப் போறீங்கன்னு நான் நெனைக்கலைங்க. ஆனா வளையத்துக்குப் போறீங்கன்னும் நெனைக்கலை."

வேறு எதற்கு என்று கேட்டேன்.

"அதைத்தான் அடுத்த தடவை வந்து பாக்கலாம்னு இருக்கேன்."

ஜூலை 2

வந்தாள். பட்டுச் சேலை. பட்டறைக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போன முதல் ஆள் இவளாகத்தான் இருக்கும்.

இரண்டு பேருக்கும் ஐந்து நிமிடத்தில் ஒட்டிக்கொண்டது. கொடுமுடிப் பக்கம், எந்த ஊர், யாருக்கு யார் சொந்தம் என்று ஆரம்பித்துப் பச்சைமிளகாய் விலையில் வந்து நின்றார்கள். கோகிலவாணி லேத்தை ஓட்டிக்கொண்டே பேசினார். நான் நாலாவது வளையத்துக்கான வரைபடத்தில் புதிதாக ஒரு குறிப்புச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது புனிதா, "இவரு இப்படித்தானுங்க. கம்பெனியில இன்ஸ்பெக்சன்ல இருந்தப்ப இவரு பேரைக் கேட்டாலே லேத்துக்காரங்களுக்குக் காய்ச்சல் வரும்பாங்க. வூட்லயும் தோசை வட்டமா இல்லைன்னா திருப்பி அனுப்பற ஆளு" என்றாள். கம்பெனியின் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.

கோகிலவாணியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு, "அப்படீங்களா" என்றார். லேத் ஓடிக்கொண்டே இருந்தது.

பஸ்ஸில் வரும்போது புனிதா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நல்ல மனுசி. அவங்க முன்னால நீங்க ஏனுங்க ஸ்கூல் பையனாட்ட நிக்கறீங்க?" என்றாள்.

ஜூலை 3

லேத் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

ஜூலை 8

கோகிலவாணி நாலாவது வளையம் செய்யவில்லை. "கேமராவை இப்படிக் குடுங்க சார்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

லென்ஸைக் கழற்றினார். கேமராவின் வாய்க்குள் மேல்பக்கம் ஒரு சின்ன உருளை இருக்கிறது. லென்ஸின் பின்விளிம்பு அதைத் தள்ளும், அந்தத் தள்ளலை வைத்துத்தான் ஜன்னலில் இரண்டு பிம்பமும் சேரும். உருளையை விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தார். பட்டறை ஜன்னல் விளிம்பிலிருந்து நான் முதலில் நிராகரித்த வளையத்தையும், என் பையிலிருந்து இணையத்தில் வாங்கிய மெல்லிய வளையத்தையும் எடுத்தார். ஒன்றை மாட்டிச் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தார். கழற்றி, மற்றதை மாட்டிப் பார்த்தார்.

"சார், வளையம் தடிச்சா என்னாகுமுங்க?"

"லென்ஸ் முன்னால வரும். ஃபோகஸ் தப்பும்."

"லென்ஸ் முன்னால வந்தா இந்தப் பின்விளிம்பும் சேர்ந்து முன்னால வருதில்லீங்க? அது உருளையை அவ்வளவு கம்மியாத்தான தள்ளும்? நீங்க ஜன்னல்ல பாத்து ரெண்டு பிம்பத்தையும் சேக்கறப்ப, அந்த வித்தியாசத்தைத் திருகிச் சரி பண்ணிக்கறீங்க. ரெண்டும் ஒண்ணா நகரும்போது வளையம் எப்படீங்க தப்புப் பண்ணும்?"

நான் கேமராவை வாங்கி, அந்த ஆணியைப் பார்த்து லென்ஸைத் திருகினேன். அவரே தொடர்ந்தார்.

"கண்ணாடிக் கட்டை, லென்ஸ் கூட்டுக்குள்ள உக்காந்திருக்கற எடத்துல தப்பு. அதுக்கும் பின்விளிம்புக்கும் நடுவுல இருக்கற தூரம் இந்தக் கேமராவோட கணக்குக்குச் சேரலை. லென்ஸைப் பண்ணுனவங்க கணக்கு வேற, கேமராவைப் பண்ணுனவங்க கணக்கு வேறயா இருக்கும். ரெண்டு பேரும் தப்பில்லீங்க."

"அப்ப நான் அளந்தது?"

"அளந்தது சரிங்க சார். அளக்க வேண்டியது அதில்லை." வளையங்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். மூன்று. "மூணு பீசை ரிஜெக்ட் பண்ணியிருக்கீங்க. மூணும் நல்ல பீசுங்க."

லென்ஸை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். உள்ளே ஒரு மெல்லிய தகடு, ஷிம் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். விட்டுவிட்டு வந்தேன். பஸ் மாற வேண்டிய காந்திபுரத்தில் இறங்க மறந்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன்.

ஜூலை 9

இதை எழுதிவிடுவது நல்லது.

2005 மார்ச். மகுடேஸ்வரன் பட்டறையிலிருந்து 260 பம்ப் ஷாஃப்ட் வந்தன. துருப்பிடிக்காத எஃகுத் தண்டு, விட்டம் இருபத்தைந்து மில்லிமீட்டர். ஐம்பதை எடுத்து ஸ்நாப் கேஜில் சோதித்தேன். கேஜ் என்றால் குதிரை லாடம் போல ஒன்று. அதன் குறுகிய வாயில் ஷாஃப்ட் நுழையக் கூடாது. நுழைந்தால் மெலிந்த ஷாஃப்ட், தள்ள வேண்டியது. ஐம்பதில் நாற்பத்தொன்று நுழைந்தன. மொத்த லாட்டையும் நிராகரித்துச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தடித்த ஷாஃப்டைக் கடைந்து சரிசெய்யலாம். மெலிந்ததை ஒன்றும் செய்ய முடியாது. கம்பெனி அதோடு அந்தப் பட்டறைக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டது.

பன்னிரண்டு நாள் கழித்து வருடாந்தரச் சோதனையில் அந்த கேஜின் வாய் இரண்டு நூறில் விரிந்திருப்பது தெரிந்தது. கேஜ் எப்படி விரிந்தது என்பது ஃபைலில் இல்லை.

கீழே விழுந்தால் விரியும்.

கீழே போட்டது நான். லாட் வந்ததற்கு முந்தின நாள், கான்டீனுக்குப் போகும் அவசரத்தில். எடுத்துப் பார்த்தேன், கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. சோதனை முடிவு வந்த வாரத்தில்தான் தலைமை இன்ஸ்பெக்டர் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. தவறே செய்யாத ஆள் என்பதுதான் அதற்குக் காரணமாக எழுதப்பட்டிருந்தது. கேஜை மாற்றினேன். லாட்டைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

கணபதிக்கு ஏன் போனேன் என்று புனிதா கேட்டால், ஒரு வேலை கொடுத்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி வாங்கிவருவதற்காக என்று சொல்லலாம். போன மாதம் முழுக்க நான் அங்கே என்ன செய்தேன் என்பதைச் சொல்வதுதான் கஷ்டம்.

ஜூலை 10

ரேஷன் கடை. பருப்பு வரவில்லை.

ஜூலை 11

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். கேஜ், கான்டீன், பன்னிரண்டு நாள், எல்லாம்.

கோகிலவாணி லேத்தை நிறுத்தினார். அது சுற்றி ஓய்ந்தது.

"நீங்க யாருன்னு எனக்குப் பேரு சொன்னப்பவே தெரியுமுங்க. சீட்டுல அந்தப் பேரை எத்தனை தடவை படிச்சிருக்கேன். கேஜ் சமாசாரம்தான் தெரியாது."

"தெரிஞ்சும் ஏனுங்க வளையம் பண்ணிக் குடுத்தீங்க?"

"ஒரு பீசுக்காவது ஓகே போடறீங்களான்னு பாக்கலாம்னு இருந்தனுங்க."

நான் தரையைப் பார்த்தேன்.

"பன்னெண்டு நாளுங்களா?" என்றார் மறுபடி. விரல்விட்டு ஏதோ எண்ணினார். "அதுக்குள்ள நாங்க ஒரு லேத்தைத்தான் வித்திருந்தோம். ரெண்டாவதை வித்தது அதுக்கப்புறம். பதிமூணாம் நாள் நீங்க வந்து சொல்லியிருந்தா இன்னொரு லேத் இங்க நின்னுட்டிருக்குமுங்க."

மன்னிப்புக் கேட்டேன். "அதை வெச்சு நான் என்னங்க பண்றது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டது போலிருந்தது.

பிறகு பின்பக்க அறையைத் திறந்து காட்டினார். கிரீஸ் தடவி, எண்ணெய்க் காகிதம் சுற்றி, மரப்பெட்டிகளில் அடுக்கி, 260 ஷாஃப்ட். பழைய இரும்புக்குப் போட அவருக்கும் மனம் வரவில்லை, வீட்டுக்காரருக்கும் வரவில்லை.

"நல்ல கேஜ்ல அளந்து சொல்லுங்க. எல்லாத்தையும். எத்தனை நல்லது, எத்தனை கெட்டதுன்னு எனக்குத் தெரியோணும்."

ஜூலை 12

காலை பத்து முதல் நாலு வரை. துடைத்து, அளந்து, எழுதி, திரும்பக் கிரீஸ் தடவி வைத்தேன். 58 முடிந்தது. எல்லாம் நல்லது. புனிதாவிடம் முழுவதையும் சொன்னேன். நாளைக்கு எனக்கும் அந்தம்மாவுக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டித் தருவதாகச் சொன்னாள். "உங்களுக்கு ரசம் சோறுதான். அவங்களுக்குத் தனியாக் கட்டறேன்" என்றாள்.

ஜூலை 15

170 முடிந்தது. கீழ் எல்லை 24.970. அதற்குக் குறைவாக, உண்மையாகவே மெலிந்தவை ஏழு. நாலு நூறில், ஐந்து நூறில் குறைவு. எந்தக் கேஜ் வைத்தாலும் தேறாது.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். எல்லாம் நல்லது என்று எழுதிக் கொடுத்தால் அவருக்கு நிம்மதி. ஏற்கெனவே ஒரு பொய்யான சீட்டுக் கொடுத்தவன், இன்னொன்றும் கொடுக்கலாம்.

"ஏழு தேறாதுங்க" என்றேன்.

"ஏழுதானுங்களா? நல்லாப் பாத்தீங்களா?" என்று எழுந்து வந்தார். "முனையில புள்ளி குத்தியிருக்குதான்னு பாருங்க."

பார்த்தேன். ஏழின் முனையிலும் பொட்டு அளவுக்கு ஒரு புள்ளி. மற்றதில் இல்லை.

"அந்த ஏழும் நான் கடைஞ்சதுங்க. அவருக்குக் காய்ச்சல், லாட் போயாகோணும். அப்ப எனக்கு லேத் ஓட்டவே தெரியாது, பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதுதான். நான் பண்ணுனதுன்னு அடையாளத்துக்குப் புள்ளி குத்தி வெச்சேன்." சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "லாட் திரும்பி வந்தப்ப, என்ற ஏழு பீஸ் உங்க கையில சிக்கித்தான் எல்லாம் போச்சுன்னு நெனைச்சனுங்க. எங்க ஊட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னாரு. அப்புறம்தான் நான் லேத்தை ஒழுங்காக் கத்துக்கிட்டேன்."

கம்பெனி விதியைச் சொன்னேன். நூற்றுக்கு மூன்று வரை கெட்டிருந்தால் அவற்றைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியை ஏற்கலாம். 260க்கு ஏழு வரை ஏற்கலாம்.

"அப்ப என்ற பீசால போகலீங்களா?"

"இல்லீங்க. என்ற கேஜாலதான் போச்சு."

அவர் திரும்பிப் போய் லேத்தைப் போட்டார். அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. சும்மா சுற்றியது.

ஜூலை 17

ஆடி ஒன்று. லென்ஸ் தயார். உள்ளே பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் பித்தளை ஷிம்.

"கிட்டக்க வேணுங்களா, தூரத்துல வேணுங்களா சார்? ரெண்டும் ஒருசேர வராதுங்க" என்று முந்தாநாளே கேட்டிருந்தார். கிட்டே என்று சொல்லியிருந்தேன். தூரத்தில் மருதமலையை எடுத்தால் இனிக் கொஞ்சம் கலங்கலாகத்தான் வரும். மருதமலை எனக்காகக் காத்திருக்கவில்லை.

வளையம் அவர் முதலில் செய்ததுதான். 1.012. மாட்டிக்கொண்டேன். ஒரு சீட்டில் "ஏற்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தார். சிரிக்கவில்லை.

லேத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்து நாலு படம் எடுத்தேன். வீட்டில் கழுவிப் பார்த்தேன். கண் தெளிவு. இமை மயிர் தெரிகிறது. புனிதா பார்த்துவிட்டு, "பாவம், தோடு தெரியவே இல்லையே" என்றாள்.

ஜூலை 19

கடைசிப் பெட்டி. 259 வரை வந்துவிட்டது, ஏழுக்கு மேல் ஒன்றும் இல்லை. 260ஆவது 24.969.

ஒரு மைக்ரான் குறைவு. துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். 24.969. மேசையில் கால்மணி நேரம் ஆறவிட்டு அளந்தேன். இடம் மாற்றி அளந்தேன். மொத்தம் பதினொரு தடவை. ஒரு மைக்ரான் என்பது என் மைக்ரோமீட்டரே தவறக்கூடிய அளவு. விட்டுவிடலாம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் முப்பத்தொரு வருடத்தில் நான் அப்படி ஒன்றைக்கூட விட்டதில்லை. இதை விட்டால், அவர்களையெல்லாம் எதற்குத் திருப்பி அனுப்பினேன்? விடாவிட்டால் கெட்டது எட்டாகிறது. எட்டு என்றால் விதிப்படி லாட் போய்விடும். அன்றைக்கு என் கேஜ் சரியாக இருந்திருந்தாலும் நான் நிராகரித்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகா இது வந்து சேர வேண்டும்!

கோகிலவாணி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். மைக்ரோமீட்டரையும் ஷாஃப்டையும் அவரிடம் கொடுத்தேன். நிதானமாக மூன்று தடவை அளந்தார்.

"இருபத்து நாலு, தொள்ளாயிரத்து அறுபத்தொம்பது" என்றார். "ரிஜெக்ட்."

அந்தச் சொல்லை என்னிடமிருந்து வாங்கியே பழகியவர். இவ்வளவு சந்தோஷமாக யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

முனையைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "புள்ளி இல்லீங்க. இது எங்க ஊட்டுக்காரரு பீஸ்."

ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பத்தொம்பது வருசமுங்க சார். என்ற ஏழு பீசுதான் லாட்டைக் கெடுத்துச்சுன்னு, குழம்புல உப்புக் கூடுனா, 'எட்டாவது பீஸ் வந்துருச்சு'ம்பாரு. பால் பொங்குனா எட்டாவது பீஸ். அவரு வேன் சாவியை அவரே தொலைச்சாலும் அதேதான். கல்யாண வீட்டுல சொந்தக்காரங்க மத்தியில சொல்லிச் சிரிப்பாரு."

மணி மூன்றுகூட ஆகவில்லை. ஷாஃப்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "மூணரைக்கு வேனைக் கொண்டாந்து வூட்டுகிட்ட நிறுத்துவாருங்க" என்று பட்டறையைப் பூட்டினார். ஷட்டரை இழுக்க நானும் ஒரு கை கொடுத்தேன்.

எட்டு என்றால் விதிப்படி லாட் என்ன ஆகும் என்பதை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இந்தத் தடவை சொல்லாமல் விட்டதற்கு எனக்குப் பதவி எதுவும் கிடைக்கப்போவதில்லை.

ஜூலை 20

காலை எட்டு மணிக்கு ஃபோன். தெரியாத நம்பர்.

"சென்னியப்பன் சாருங்களா? நான் மகுடேஸ்வரன் பேசறனுங்க. கோகிலா ஊட்டுக்காரரு."

எழுந்து நின்றுவிட்டேன். பத்தொன்பது வருடத்துக்கு என்னென்ன கேட்பார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் தலைகுனிந்து கேட்டுக்கொள்வது என்று முடிவும் செய்திருந்தேன்.

"வணக்கமுங்க" என்றேன்.

"கேஜ் விசயமெல்லாம் கோகிலா சொன்னா. அதைப் பத்தி ஒருநாள் நேர்ல வந்து பேசறேன், பேசாம விடமாட்டேன். இப்ப வேற ஒண்ணு கேக்கோணும்." குரலைத் தாழ்த்தினார். பின்னால் பாத்திரச் சத்தமும், ஒரு பெண்குரல் பாடுவதும் கேட்டது. "அந்த ஒரு மைக்ரான் பீசை டிவி மேல வெச்சு, பொட்டு வெச்சு, பூவும் வெச்சிருக்கறாளுங்க. பக்கத்து வூட்டுக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியாச்சு. நான் கேக்கறது இதுதானுங்க சார். உங்க மைக்ரோமீட்டர் சரியாத்தான் இருக்குதுங்களா?"

2005 மார்ச்சில் இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. இன்ஸ்பெக்டரிடம் போய் யார் கேட்பது என்று அன்றைக்குப் பேசாமல் சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.

"தெரியலைங்க" என்றேன். "சோதனைக்கு அனுப்பிப் பாத்துட்டுச் சொல்றேன்."

"எத்தனை நாளாகுமுங்க?"

"ரெண்டு நாள்."

"ரெண்டு நாள்னா ரெண்டு நாளைக்குள்ள சொல்லிருங்க சார்" என்றார்.

ஜூலை 22

மைக்ரோமீட்டரைக் காலையிலேயே பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். மாலை நாலரைக்கு முடிவு வந்தது. அதை வாசலில் நின்றபடி படித்தேன். அதில் இருந்ததை அப்படியே சொல்ல, நாலு முப்பத்திரண்டுக்கு மகுடேஸ்வரனுக்கு ஃபோன் செய்தேன்.